பழைய ஸ்காட்லாந்து சர்ச் பதிவேடுகளில் மூதாதையரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து வம்சாவளியைத் தேடுகிறவர்கள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான். சிலர் ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் மணமுடித்தவர்கள். பிள்ளைகளுக்காக அந்தப் பக்கத்து வம்சத்தைத் தெரிந்துகொள்ள நினைக்கிறார்கள். சிலர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார். அபர்தீனிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ ஒருவர் வந்தார் என்ற ஒற்றை வரி மட்டும் அவர்கள் கையில் இருக்கும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

கொள்ளுத் தாத்தாவின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பது மட்டும் தெரியும். சர்ச் பதிவேட்டில் நேரடியாகத் தேட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய காலத்துக்குத்தான் சர்ச் பதிவேடு. ஆகவே உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த கடைசி நபரிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி 1855 வரை வாருங்கள். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் அகப்பட்டால், பிறந்த ஊரின் பெயரும் அதிலேயே இருக்கும். ஊர் தெரியாமல் சர்ச் பதிவேட்டுக்குள் இறங்கினால் நூறு ஜான் ஸ்மித்துகள் வந்து நிற்பார்கள்.

இறப்புச் சான்றிதழை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் மூன்றையும் கேட்டார்கள். 1860இல் எண்பது வயதில் இறந்த ஒரு மூதாட்டியின் சான்றிதழ், 1750களில் பிறந்திருக்கக்கூடிய அவருடைய பெற்றோரின் பெயர்களைத் தந்துவிடும். தகவல் கொடுத்தவர் யார் என்றும் பாருங்கள். மகன் என்றால் ஓரளவு நம்பலாம். மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்றால் பாட்டி பெயர் பிசகியிருக்க வாய்ப்பு உண்டு.

1855ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஒன்று குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அது பொக்கிஷம். அந்த ஓராண்டு மட்டும் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான தேதி, இடம், முன்பு பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வரை கேட்டார்கள். பதிவாளர்களுக்கு வேலை மீறிப் போனதால் அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் நேர் முன்னோருக்கு 1855இல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கு ஏதாவது நடந்ததா என்று தேடுங்கள்.

பழைய பாரிஷ் பதிவேடு என்கிறார்களே, அது யார் எழுதியது? எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது?

பாரிஷ் என்பது நம் ஊர்ச் சபைகளில் பங்கு என்றோ சேகரம் என்றோ சொல்கிற அமைப்பு. ஸ்காட்லாந்து முழுவதும் ஏறத்தாழ 900 பாரிஷ்கள் இருந்தன. ஸ்காட்லாந்து திருச்சபை, அதாவது நாட்டின் அதிகாரபூர்வ பிரஸ்பிட்டேரியன் சபை, இவற்றில் ஞானஸ்நானம், திருமண ஓலை (திருமணத்துக்கு முன் சபையில் வாசிக்கும் அறிவிப்பு), அடக்கம் ஆகியவற்றை எழுதிவைத்தது. பெர்த்ஷயரில் உள்ள எரல் பாரிஷில் 1553 முதலே பதிவு இருக்கிறது. அதுதான் மிகப் பழையது. எல்லா ஊரும் அப்படி இல்லை. மேற்குத் தீவுகளில் சில பாரிஷ்களில் 1800க்குப் பிறகுதான் பதிவேடே தொடங்குகிறது. நடுவில் பத்து இருபது ஆண்டு விடுபட்ட ஏடுகளும் நிறைய.

எழுதியவர் போதகர் அல்ல, செஷன் எழுத்தர், அதாவது கிர்க் செஷன் என்ற ஊர்ச் சபைக் குழுவின் எழுத்தர். பல ஊர்களில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரே இந்த வேலையையும் பார்த்தார். பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கட்டணம் கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் உதவும். எழுத்தர் மாறினால் கையெழுத்தும் மாறும், எதை எழுதுவது எதை விடுவது என்ற பழக்கமும் மாறும். அம்மா பெயரையே எழுதாத எழுத்தர்கள் இருந்தார்கள். அப்பாவின் தொழில், குடியிருந்த பண்ணை, சாட்சிகளின் தொழில் வரை எழுதியவர்களும் இருந்தார்கள்.

இதையெல்லாம் பார்க்க எடின்பரோ போக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற இணையதளத்தில் இந்தப் பதிவேடுகளின் பக்கங்கள் படங்களாக இருக்கின்றன. பெயரைத் தேடுவது இலவசம். பக்கத்தைத் திறக்க கிரெடிட் வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை பவுண்டு அளவில் ஆகும். ஒருமுறை வாங்கிய படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் பெயர்ப் பட்டியலைக் காசில்லாமல் தேடலாம். முதலில் அங்கே ஆள் யார் யார் என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் பக்கத்தை வாங்குவது சிக்கனமான வழி.

பட்டியலிலேயே பெயர், அப்பா, அம்மா, தேதி எல்லாம் வந்துவிடுகிறதே. பக்கத்தை எதற்குக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்?

பட்டியல் என்பது யாரோ ஒருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டது. அவர் தவறாகப் படித்திருக்கலாம். சரியாகவே படித்திருந்தாலும் பாதியைத்தான் எடுத்து எழுதியிருப்பார்.

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பதிவை எடுத்துக்கொள்வோம். ஏர் என்ற ஊரின் பாரிஷ் பதிவேடு, 1759. பட்டியலில் அவர் பெயர், பெற்றோர் பெயர், தேதி வரும். பக்கத்தைத் திறந்தால், அலோவேயில் குடியிருக்கும் வில்லியம் பர்ன்ஸ், அவர் மனைவி ஆக்னெஸ் பிரவுன் ஆகியோரின் முறைப்படி பிறந்த மகன் என்றும், ஜனவரி 25 அன்று பிறந்தார் என்றும், ஞானஸ்நானம் கொடுத்தவர் போதகர் வில்லியம் டால்ரிம்பிள் என்றும், சாட்சிகள் ஜான் டென்னன்ட், ஜேம்ஸ் யங் என்றும் இருக்கும். ஊர், போதகர், இரண்டு சாட்சிகள், எல்லாமே தேடலுக்கு உதவுகிற தடயங்கள். சாட்சிகள் பெரும்பாலும் தாய்மாமன், சித்தப்பா, பக்கத்துப் பண்ணைக்காரர் என்று நெருங்கியவர்களாகவே இருப்பார்கள். ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் பார்க்க இவர்களைவிட நல்ல துணை கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள். கவிஞரின் அப்பா தன் பெயரை எழுதிய விதம் வேறு. ஓர் 'ஈ' எழுத்து கூடுதலாக இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார்.

பக்கத்தைத் திறந்தால் ஓர் எழுத்தும் புரியவில்லை. அது ஆங்கிலம்தானா?

ஆங்கிலம்தான், அல்லது ஸ்காட்ஸ் மொழி கலந்த ஆங்கிலம். 1750க்குப் பிறகான பக்கங்கள் ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். 1700க்கு முந்தையவை செக்ரட்டரி கை என்ற பழைய பாணியில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். மிரளாதீர்கள், சில எழுத்துகள்தான் ஏமாற்றும்.

சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீளமாக, 'எஃப்' போலவே நிற்கும். 'சி' பார்ப்பதற்கு 'ஆர்' போல இருக்கும். 'ஈ' கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக் கிடக்கும். 'எச்' எழுத்தின் வால் வரிக்குக் கீழே இறங்கி அடுத்த வரியைத் தொடும். 'யு', 'வி' இரண்டும் இடம் மாறி வரும். 'ஐ', 'ஜே' இரண்டும் அப்படியே. இன்று 'டபிள்யூ எச்' என்று தொடங்கும் கேள்விச் சொற்கள் அங்கே 'க்யூ யு எச்' என்று தொடங்கும்.

எண்களும் மாதங்களும் தனிக் கதை. 7 என்ற எண்ணை எழுதி, பக்கத்தில் மாதப் பெயரின் கடைசித் துண்டை மட்டும் சேர்த்திருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அப்படியே 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பழைய ரோமானியக் கணக்கில் அவை ஏழாவது முதல் பத்தாவது மாதங்களாக இருந்தன. ஆண்டை ரோமன் எண்ணில் எழுதும்போது ஆயிரத்தைக் குறிக்க 'ஜே ஏ ஜே' என்று மூன்று எழுத்துகள் வரும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை யாரோ ஒருவர் பெயர் என்றே நினைப்பார்கள்.

படிக்கிற வழியைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய வரியில் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பக்கத்திலேயே உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த சொற்கள் இருக்கும்: பாரிஷின் பெயர், மாதப் பெயர், ஞானஸ்நானம், சாட்சி, மகன், மகள். ஒவ்வொரு பதிவும் ஒரே வாய்பாட்டில் ஓடுவதால் இவை திரும்பத் திரும்ப வரும். அவற்றிலிருந்து அந்த எழுத்தர் எந்த எழுத்தை எப்படிப் போடுகிறார் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சந்தேகமான பெயர் வரும்போது அதன் ஒவ்வோர் எழுத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். புரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு மேலே போய்விடலாம். ஊகித்து நிரப்பினால், பிறகு அந்த ஊகம்தான் கண்ணுக்குத் தெரியும், எழுத்து தெரியாது.

பெயருக்குப் பின்னால் 'எல் எஸ்', 'எல் டி' என்று இரண்டு எழுத்து வருகிறது. விதவையை வேறு ஏதோ சொல்லில் குறிக்கிறார்கள். இதெல்லாம் என்ன?

'எல் எஸ்' என்றால் முறைப்படி திருமணமான பெற்றோருக்குப் பிறந்த மகன். 'எல் டி' அதேபோல் மகள். இயற்கை மகன் என்ற பொருளில் 'நேச்சுரல்' என்று இருந்தால் பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை. 'ரெலிக்ட்' என்பது விதவை. மேல் வரியில் சொன்ன அதே நாள் என்பதை லத்தீனில் சுருக்கி எழுதுவார்கள். அப்போது மேலே மேலே போய்த் தேதியைத் தேட வேண்டியதுதான்.

அப்பாவின் பெயருக்கும் பண்ணையின் பெயருக்கும் நடுவே வரும் சின்னச் சொல்லை உற்றுப் பாருங்கள். 'இன்' என்றிருந்தால் அந்தப் பண்ணையில் குத்தகைக்குக் குடியிருப்பவர். 'ஆஃப்' என்றிருந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, குத்தகைக்காரரை ஜமீன்தாராக்கிய குடும்ப வரலாறுகள் ஏராளம். தொழில் பெயர்களில் 'வெப்ஸ்டர்' நெசவாளர், 'சூட்டர்' செருப்புத் தைப்பவர், 'ரைட்' தச்சர்.

ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒருத்தர்தானா, இரண்டு பேரா?

எழுத்துக்கூட்டல் மட்டும் மாறினால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். பர்ன்ஸ் விஷயத்தில் பார்த்தோமே, அதுதான் வழக்கம். சில பெயர்கள் முழுதாகவே மாறி வரும். ஜீன், ஜேன், ஜேனட், ஜெஸ்ஸி ஆகியவை ஒரே பெண்ணுக்கு வரலாம். எல்ஸ்பெத், எலிசபெத், இசபெல் அப்படியே. பீட்டரும் பேட்ரிக்கும் ஒருவராக இருக்கலாம். ஹைலண்ட்ஸ் பகுதியில் டோனால்டை டேனியல் என்று எழுதுவார்கள். 'மேக்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்களில் அந்த முன்னொட்டு வரும், போகும். தேடும்போது உடுக்குறி போட்டு எழுத்துகளை விட்டுத் தேடுங்கள்.

பெண்கள் விஷயத்தில் ஸ்காட்லாந்து நமக்குப் பெரிய உதவி செய்கிறது. திருமணத்துக்குப் பிறகும் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதும் வழக்கம் அங்கே இருந்தது. ஞானஸ்நானப் பதிவில் அம்மா பெயர் இருந்தால் அது அவருடைய சொந்தக் குடும்பப் பெயர்தான். இங்கிலாந்துப் பதிவேடுகளில் பெரும்பாலும் கிடைக்காத வசதி இது.

ஷெட்லாந்துத் தீவுகளில் மட்டும் வேறு கணக்கு. அங்கே 19ஆம் நூற்றாண்டிலும் அப்பாவின் முதல் பெயரையே பிள்ளைக்குப் பின்பெயராக வைத்தவர்கள் இருந்தார்கள். நம் இனிஷியல் முறை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர் என்று ஒரு முறை இருந்ததாமே. அதை வைத்தே தாத்தா பெயரைக் கண்டுபிடிக்கலாமா?

முறை உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா, மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, இரண்டாமவளுக்குத் தந்தைவழிப் பாட்டி, மூன்றாமவளுக்கு அம்மா பெயர். பல குடும்பங்கள் இதைக் கறாராகப் பின்பற்றின. இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பெயர் என்பதால் உயிரோடிருந்த இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு ஒரே பெயர் வைத்த வீடுகளும் உண்டு. இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது சாதாரணம். அதனால் ஒரே வீட்டில் இரண்டு ஜேம்ஸ் வந்தால், மூத்தவனை உங்கள் முன்னோர் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் கவனம் தேவை.

எங்கே தேடுவது என்பதற்கு இது நல்ல குறிப்பு, ஆதாரமாக மட்டும் ஆகாது. போதகர் பெயரையும் நிலச் சொந்தக்காரர் பெயரையும் பிள்ளைக்கு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எப்படித் தேடியும் ஞானஸ்நானப் பதிவே இல்லை. ஆள் ஸ்காட்லாந்தில் பிறக்கவில்லை என்று முடிவு பண்ணலாமா?

கூடாது. பதிவு இல்லை என்பதற்கு, ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு பல காரணங்கள் இருக்கின்றன. முதலாவது காசு. பதியக் கட்டணம் என்று சொன்னேன் அல்லவா? அதற்குமேல் 1783இல் அரசு ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டது. 1794இல் எடுக்கும் வரை பல ஏழைக் குடும்பங்கள் பதியவே இல்லை. ஞானஸ்நானம் நடந்திருக்கும், ஏட்டில் ஏறியிருக்காது.

இரண்டாவது, சபைப் பிளவு. 1733இல் ஒரு குழு பிரிந்தது, 1761இல் ரிலீஃப் சபை என்று இன்னொன்று. 1843இல் நடந்தது பெரும் பிளவு. போதகர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறி ஃப்ரீ சர்ச்சைத் தொடங்கினார்கள். இந்தக் குடும்பங்களின் பதிவுகள் பாரிஷ் ஏட்டில் இல்லாமல் போகலாம். எஞ்சியிருக்கும் மற்றச் சபை ஏடுகளில் பலவும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளிலேயே தனிப் பிரிவாக இருக்கின்றன. பெயர் தேடும் பக்கத்தில் சபையின் வகையை மாற்றித் தேட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, வேறு இடத்தில் இருப்பது. பக்கத்துப் பாரிஷின் சர்ச் நடை தூரத்தில் இருந்தால் அங்கே போயிருப்பார்கள். சில அப்பாக்கள் பல வருஷம் கழித்து வந்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் எழுதவைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு கடைசிப் பிள்ளையின் ஆண்டில் இருக்கும். 1801 முதல் 1854 வரை விடுபட்ட பிறப்புகளுக்கென்று பின்னால் ஒரு தனி ஏடும் திறந்தார்கள். இத்தனையையும் பார்த்த பிறகுதான், ஏடே அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

ஒரே ஜோடிக்கு இரண்டு ஊர்களில் இரண்டு திருமணப் பதிவு, தேதியும் வேறு. எதை எடுத்துக்கொள்வது?

இரண்டுமே அநேகமாகத் திருமணம் அல்ல, ஓலை. நம் சர்ச்சுகளில் ஞாயிறு ஆராதனையில் திருமண ஓலை வாசிப்பதுபோல் அங்கேயும் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மணமகன் ஊரிலும் மணமகள் ஊரிலும் வாசிக்க வேண்டும், இரண்டு ஏட்டிலும் எழுதுவார்கள். திருமணம் நடந்த தேதியை எழுதாமலே விட்ட எழுத்தர்கள் அதிகம். இரண்டு பதிவையும் வாங்குங்கள். ஒன்றில் மணமகளின் அப்பா பெயர் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. திருமணம் கட்டாயம் நடக்கும் என்பதற்குப் பிணையாக ஒரு தொகை கட்ட வேண்டும் என்பதால், அந்த வரவு செஷனின் கணக்கு ஏட்டிலும் அகப்படலாம்.

திருமணப் பதிவு எங்கேயும் இல்லை, ஆனால் பிள்ளைகள் எல்லோரும் முறைப்படி பிறந்தவர்கள் என்று இருக்கிறது. எப்படி?

அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஆணும் பெண்ணும் மனமொத்துத் தங்களைக் கணவன் மனைவி என்று ஏற்றுக்கொண்டாலே திருமணம் செல்லும்; போதகரும் வேண்டாம், ஓலையும் வேண்டாம். சபை இதை ஒழுங்கற்ற திருமணம் என்று கண்டித்தது, செல்லாது என்று சொல்லவில்லை. 1940 ஜூலையில்தான் இந்த வழி மூடப்பட்டது. இங்கிலாந்தில் 1754 முதல் சட்டம் இறுகியதால் அங்கிருந்து காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடிவந்ததும் இதனால்தான்.

பர்ன்ஸின் திருமணமே இந்த வகைதான். 1788 ஆகஸ்ட் 5 அன்று அவரும் ஜீன் ஆர்மரும் மாக்லின் ஊர் கிர்க் செஷன் முன் வந்து, ஒழுங்கற்ற முறையில் மணந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள். செஷன் அவர்களைக் கண்டித்து, கணவன் மனைவியாக வாழக் கட்டளையிட்டது. பர்ன்ஸ் ஏழைகளுக்கென்று ஒரு கினி கொடுத்தார். இவ்வளவும் செஷனின் குறிப்பேட்டில் இருக்கிறது. உங்கள் ஜோடியையும் திருமண ஏட்டில் காணோம் என்றால் இந்தக் குறிப்பேட்டில் தேடுங்கள்.

கிர்க் செஷன் என்கிறீர்களே, அது என்ன? அப்பா பெயர் இல்லாத குழந்தைக்கு அதில் அப்பா கிடைப்பாரா?

போதகரும் ஊர் மூப்பர்களும் சேர்ந்த குழுதான் கிர்க் செஷன். ஒழுக்க விசாரணை, ஏழைகளுக்கு உதவி, ஊர் மாறுகிறவர்களுக்கு நற்சான்று எல்லாம் அவர்கள் கையில். என்னைக் கேட்டால், ஸ்காட்லாந்தின் ஆவணங்களிலேயே மனிதர்கள் உயிரோடு பேசுகிற இடம் இந்தக் குறிப்பேடுகள்தான். ஞானஸ்நானப் பதிவு ஒற்றை வரியில் முடிந்துவிடும். இங்கே ஒரு பணிப்பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று புகார் வருவதும், அவளை அழைத்து விசாரிப்பதும், அவள் ஒருவன் பெயரைச் சொல்வதும், அவன் மறுப்பதும், சாட்சிகள் வருவதும், சில மாதம் கழித்து அவன் ஒப்புக்கொள்வதும் பக்கம் பக்கமாக ஓடும். பிறகு சபை முன் நிற்க வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். அந்தக் காசு ஏழைகளின் பெட்டிக்குப் போகும்.

ஆகவே அப்பா கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. குழந்தை பிறந்த தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து இரண்டு ஆண்டு பின்பு வரை படியுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த அறையில் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள், பதில் சொன்னவள் பெரும்பாலும் கூலிக்கு இருந்த இளம்பெண். எழுதப்பட்டது செஷனின் பார்வை. அவளைப் பற்றி அதில் உள்ள கடுமையான சொற்களை அப்படியே உங்கள் குடும்ப வரலாற்றில் ஏற்றாதீர்கள். அவள் உங்கள் பாட்டி.

இந்தக் குறிப்பேடுகளில் பெரும்பாலானவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் 2021 முதல் இலவச வசதி இருக்கிறது. தரவிறக்க மட்டும் காசு. பெயர்ப் பட்டியல் கிடையாது, உட்கார்ந்து படிக்க வேண்டும். கையெழுத்துப் பழக இதைவிட நல்ல இடமும் இல்லை.

இறப்பு, அடக்கம் பதிவுகள் ஏன் இவ்வளவு குறைவு?

பல பாரிஷ்கள் எழுதவே இல்லை. எழுதிய இடங்களிலும் பெரும்பாலும் மார்ட்கிளாத் வாடகைக் கணக்குதான் இருக்கும். சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியைச் சபை வாடகைக்குக் கொடுக்கும், அந்த வரவை எழுதும். இன்னார் குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு வரி. குழந்தையின் பெயர்கூட இருக்காது. ஆனாலும் தேதி கிடைக்கும்.

1650 பிப்ரவரி என்று இருந்தால் அது 1651 என்று கூட்டிக்கொள்ள வேண்டுமா?

ஸ்காட்லாந்தில் வேண்டாம். அந்தக் குழப்பம் இங்கிலாந்துக்கு உரியது. அங்கே 1752 வரை மார்ச் 25 அன்றுதான் ஆண்டு பிறந்தது. ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1க்கு மாறிவிட்டது.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். இதில் எதுவாவது எங்களுக்குப் பொருந்துமா?

கையெழுத்து படிக்கும் முறையும் பெயர் விஷயமும் பொருந்தும். ஏடுகள் வேறு, பெரும்பாலும் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ். சாட்சிகளுக்குப் பதில் ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயர்கள் வரும், அவையும் அதே அளவு பயன்படும். இவையும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் தனிப் பிரிவாக உண்டு.

எங்கள் முன்னோர் மதராஸுக்கு வந்த ஸ்காட்டிஷ் சிப்பாய். அவர் எந்த ஊர் என்றே தெரியவில்லை. பாரிஷை எப்படிக் கண்டுபிடிப்பது?

மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் தேடலாம். எழும்பூரில் 1821இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கே ஸ்காட்லாந்து சபையினருக்காகக் கட்டியதுதான். ஆனால் பதிவேட்டில் ஆளின் சொந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. ஊருக்கு ராணுவச் சேர்ப்புப் பதிவுகளையும் கல்லறைக் கல்லையும் பாருங்கள். பிள்ளையின் அம்மா உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் பல பதிவுகளில் அவர் பெயரே இருக்காது, அல்லது சபையில் வைத்த முதல் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்து வம்சத்துக்கு ஸ்காட்லாந்து ஆவணங்களில் விடை இல்லை.

உயிலையும் தேடுங்கள். இந்தியாவில் இறந்த ஸ்காட்டுகளுக்கு ஸ்காட்லாந்தில் சொத்து இருந்தால் அந்த விவகாரம் எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போகும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கு எழுதிவைத்த உயில்கள் உண்டு. இலங்கைத் தோட்டத் துரைமார் வழி வந்தவர்கள் என்/2 வரிசையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இலங்கை 1802 முதல் தனி முடியாட்சிக் குடியேற்றம், மதராஸின் கீழ் இல்லை. அவர்களுக்கு உள்ளூர்ச் சர்ச் ஏடுகளும் கல்லறைகளும்தான் தொடக்கம்.

ஒரே பாரிஷில், ஐந்து வருஷ இடைவெளிக்குள், ஒரே பெயரில் மூன்று பேர் பிறந்திருக்கிறார்கள். என்னுடையவர் யார்?

இதுதான் கடினமான கேள்வி. மூவரையும் உங்கள் முன்னோர் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். குழந்தையாக இறந்தவர் யார் என்று மார்ட்கிளாத் கணக்கிலும், அதே வீட்டில் அதே பெயர் மறுபடி வந்ததா என்று ஞானஸ்நான ஏட்டிலும் பாருங்கள். மற்றவர்களுக்கு அதே ஊரிலேயே திருமணமும் பிள்ளைகளும் இருந்தால், அவர்கள் 1841, 1851 கணக்கெடுப்புகளில் எங்கே இருக்கிறார்கள் என்று பின்தொடருங்கள். 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 30 என்றிருந்தால் 34 வரை இருக்கலாம்.

அப்புறம் பண்ணையின் பெயர், சாட்சிகள், பெயர் வைக்கும் முறை. உங்கள் முன்னோரின் பிள்ளைகளுக்குச் சாட்சியாக நின்றவர்களின் குடும்பப் பெயர், மூவரில் ஒருவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரோடு ஒத்துப்போனால் அது வலுவான தடயம். இத்தனை பார்த்தும் இரண்டு பேர் மிஞ்சினால், இரண்டு பேரையும் சந்தேகக் குறியோடு வைத்திருங்கள். நறுக்கென்று ஒருவரைத் தேர்ந்துவிட்டால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு தலைமுறையும் வேறொரு குடும்பத்துடையதாகிவிடும்.

இணையத்தில் வேறொருவர் போட்ட குடும்ப மரம் 1500கள் வரை போகிறதே. அதை எடுத்துக்கொள்ளலாமா?

ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் பாரிஷ், எந்தப் பக்கம் என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பாரிஷுக்கும் ஓர் எண் உண்டு: எடின்பரோ 685/1, கிளாஸ்கோ 644/1. குறிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே வாங்கிப் படியுங்கள். இல்லையென்றால் மரம் போட்டவருக்கு எழுதி எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். எரல் போன்ற சில ஊர்களைத் தவிர 1500களின் சாதாரணக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவு கிடையாது. அவ்வளவு தூரம் உண்மையாகவே போன மரம் என்றால் உயில்களையோ, 1617 முதல் உள்ள சாசின் என்னும் நிலப் பதிவுகளையோ, அவற்றுக்கும் முந்தைய நில ஆவணங்களையோ காட்ட வேண்டும். அந்த ஆவணத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.